விளிம்பு கரையும் இடம்

நம் ஊர்ச் சுவர்களில் ஒட்டப்படும் அஞ்சலிச் சுவரொட்டிகளில், படத்தின் கீழே பெரும்பாலும் இரண்டு சொற்கள் இருக்கும்: தோற்றம், மறைவு. பிறப்பு, இறப்பு என்று போடுவது அரிது. ஈழத் தமிழரின் அஞ்சலிப் பக்கங்களில் மலர்வு, உதிர்வு என்றும் காண்கிறோம். மலர்வும் உதிர்வும் செடியிடமிருந்து கடன் வாங்கிய சொற்கள். தோற்றமும் மறைவுமோ கண்ணிடமிருந்து வாங்கியவை. ஒருவர் கண்ணுக்குத் தெரியத் தொடங்கினார், பின்னர் தெரியாமல் போனார் என்பதற்கு மேல் அவை எதையும் கோருவதில்லை. அதனால்தானோ என்னவோ, அச்சுவரொட்டிகளில் முகங்கள் கத்தரித்து ஒட்டப்படுவதைவிடக் கரைக்கப்படுவதே அதிகம். தலை தெளிவாக இருக்கும். தோள் சற்று மங்கும். மார்புக்குக் கீழே சட்டை எங்கே முடிந்தது, பின்னணியிலுள்ள மேகமோ விளக்கின் சுடரோ எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

இந்தக் கரைக்கும் வேலையை நாங்களே செய்ய வேண்டிய நிலை வந்தது. நாங்கள் என்பது நால்வர். திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மாதம் ஒருமுறை கூடிப் படித்ததைப் பேசுகிறவர்கள். எங்களை அவ்வாறு கூட வைத்தவர் அங்கே வாடகை நூலகம் நடத்திவந்த அண்ணாச்சி. முன்புற அலமாரிகளில் மர்ம நாவல்களும் குடும்ப நாவல்களும். பின்னறையில் ருஷ்ய மொழிபெயர்ப்புகள், கட்டுக் கட்டாகச் சிறுபத்திரிகைகள். முன்புறத்து வாடகையில் பின்னறை உயிர் வாழ்ந்தது. அவர் மறைந்து ஓராண்டு நிறையும்போது, அவரைப் பற்றிய கட்டுரைகளைத் தொகுத்து 64 பக்கத்தில் ஒரு சிறுநூல் கொண்டுவருவது என்று முடிவாயிற்று. அட்டைக்கு அவர் படம் வேண்டும். படமெடுப்பதென்றாலே நாற்காலிகளை எடுத்துப் போடுகிற சாக்கில் நகர்ந்துவிடுகிற மனிதர் அவர். வீட்டில் தேடியதில் வாக்காளர் அடையாள அட்டையின் படத்தைத் தவிரக் கிடைத்தது ஒன்றே ஒன்று. 1986ஆம் ஆண்டில், ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்தபின், பள்ளிக்கூடத்தின் ஓட்டுக் கட்டடத்துக்கு முன்னால் ஒன்பது பேர் நின்று எடுத்துக்கொண்ட வண்ணப் படம்.

அந்தப் படம் ஏற்கெனவே தன்னளவில் மறைந்துகொண்டிருந்தது. அக்காலத்து வண்ணப் படத்தாளில் மூன்று சாயங்கள் உண்டு: மஞ்சள், மெஜந்தா, சயான். இருட்டில், ஆல்பத்துக்குள்ளேயே பத்திரமாக வைத்திருந்தாலும் இவை வெளிறும். ஒரே வேகத்திலும் வெளிறா. அக்காலத் தாள்கள் பலவற்றில் சயான் என்கிற பசுநீலம் முதலில் போகும். நீலம் போனால் எஞ்சுவது சிவப்பு. எண்பதுகளின் கல்யாணப் படங்களில் எல்லோரும் செங்கல் சூளைக்குள் நிற்பதுபோலத் தெரிவது இதனால்தான். எங்கள் ஒன்பது பேரும் அப்படியே நின்றார்கள். அண்ணாச்சியின் முகம் மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. அவர் புகைப்படக்காரரைப் பார்க்கவில்லை. தலையை இடப்பக்கம் லேசாகத் திருப்பி, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்ததை நாங்கள் நால்வரும் பார்த்ததே இல்லை. இந்த முகத்தைத்தான் அட்டையில் வைக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து எழவில்லை.

மற்ற எட்டுப் பேரை என்ன செய்வது என்பதில்தான் எல்லாம் தொடங்கியது.

இப்படி ஒரு முகத்தைத் தாளுக்குள் கரையவிடுவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் வினெட். பிரெஞ்சில் இருந்து வந்த சொல். சிறிய திராட்சைக்கொடி என்று பொருள். பழைய புத்தகங்களில் தலைப்புப் பக்கத்திலும் அத்தியாய முடிவிலும் வரைந்த கொடி அலங்காரங்களுக்கு அந்தப் பெயர். பின்னர், சட்டகம் ஏதுமின்றி ஓரங்கள் தாளின் வெண்மைக்குள் கலந்துவிடுகிற சிறு சித்திரங்களுக்கும் அதுவே பெயராயிற்று. 1797இலும் 1804இலும் இரு பாகங்களாக வெளிவந்த தாமஸ் பியூயிக்கின் பிரிட்டிஷ் பறவைகள் நூலில், பக்கத்தின் அடியில் எஞ்சிய இடத்தில் அவர் செதுக்கிய மரச் சித்திரங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அங்கே நிலம் எங்கே தாளாகிறது என்று தெரியாது. அந்த வகைச் சித்திரத்தின் பெயர்தான் பிற்பாடு உரைநடைக்கும் வந்தது. தொடக்கமும் முடிவும் கறாராக இல்லாத சிறு எழுத்தோவியத்தையும் வினெட் என்கிறோம். புகைப்பட நிலையத்துக்காரர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டதும் புத்தகத்திலிருந்தே. ஆகவே ஒரு நூலின் அட்டைக்காக நாங்கள் செய்த வேலை பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த வேலை என்றும் சொல்லலாம்.

இருட்டறைக் காலத்தில் இதைச் செய்த முறை எளிமையானது, அழகானதும்கூட. ஓர் அட்டையில் முகத்தின் அளவுக்கு முட்டை வடிவில் துளை போட்டு, அதன் ஓரத்தைப் பிய்த்தோ பல் பல்லாக வெட்டியோ விடுவார்கள். பெரிதாக்கும் கருவியின் லென்ஸுக்கும் படத்தாளுக்கும் நடுவே அந்த அட்டையைப் பிடித்து, ஒளி விழும் நேரம் முழுக்க மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முகத்தில் முழு ஒளி விழும்; ஓரத்தில் பாதி; அதற்கப்பால் ஒன்றும் விழாது, தாள் வெள்ளையாகவே நிற்கும். கை நின்றால் கோடு விழுந்துவிடும். நம் ஊர் ஸ்டூடியோக்களில் கல்யாணக் குழுப் படத்திலிருந்து ஒரு பாட்டியின் தலையை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, மாலை போடும் படமாக்கித் தந்தவர்கள் இப்படி எத்தனை சுற்றங்களை வெளிச்சத்துக்கு வராமல் அட்டையால் மறைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

கணினியில் அசையும் கைக்குப் பதிலாக ஓர் எண் வந்துவிட்டது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் இருப்பதை அறிவோம். அவற்றோடு நான்காவதாக, இந்தப் புள்ளி எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஓர் எண்ணைச் சேர்த்துவைப்பது என்ற யோசனை, 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகியோரிடம் பிறந்தது. ஆல்ஃபா என்று பெயரிட்டார்கள். 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் இதன் கணக்கை ஒழுங்குபடுத்தி ஒரு கட்டுரை எழுதினார்கள். சாரம் இவ்வளவே: மேலே இருக்கும் படம் முக்கால் பங்கு தெரியட்டும் என்றால் அதில் முக்காலையும் கீழே இருப்பதில் காலையும் எடுத்துக் கூட்டு. இரண்டு பங்குகளும் சேர்ந்து எப்போதும் ஒன்று. ஒருவர் எவ்வளவு விலகுகிறாரோ அவ்வளவுக்குப் பின்னணி வந்து உட்கார்ந்துகொள்ளும். நடுவில் வெற்றிடம் என்பதே கிடையாது. கணிதமாக மட்டும் படித்துவிட்டுக் கடக்க முடியாத வரி அது.

செய்முறையைப் பொறுத்தவரை, போட்டோஷாப்பானாலும் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பானாலும் வழி ஒன்றுதான். கீழடுக்கில் அட்டையின் நிறம், மேலடுக்கில் படம். மேலடுக்குக்கு ஒரு மாஸ்க் சேர்க்க வேண்டும். இதை முகமூடி என்று மொழிபெயர்ப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. முகத்தை விட்டுவிட்டு மற்றதை மூடுவது எப்படி முகமூடியாகும்? திரை என்போம். திரையில் வெள்ளை பூசிய இடத்தில் படம் தெரியும், கறுப்பு பூசிய இடத்தில் மறையும், சாம்பலில் சாம்பலின் அளவுக்குத் தெரியும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே, வழக்கமான எட்டு பிட் கோப்பில், 0 முதல் 255 வரை 256 படிகள். முதலில் படியிறக்கக் கருவியால் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஓர் இழுப்பு. பின்னர் மென்மையான தூரிகையை நூற்றுக்கு இருபது அழுத்தத்தில் வைத்து, தோளையும் காதோரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவித் திருத்த வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கறுப்பிலிருந்து வெள்ளைக்குச் சீராக, நேர்கோட்டுக் கணக்கில் இறக்கினால் கரைதல் இயல்பாக இருக்கும் என்றுதான் தோன்றும். இருக்காது. மங்கல் தொடங்குகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் ஒரு மெல்லிய பட்டை தெரியும். படத்தில் அப்படி எதுவும் இல்லை. நம் கண் போடுகிற கோடு அது. 1865இலேயே எர்ன்ஸ்ட் மாக் இதை விவரித்துவிட்டார். வெளிச்சம் திடீரென்று போக்கை மாற்றும் இடத்தைக் கண் கோடாகப் படித்துவிடுகிறது. எனவே தொடங்கும்போதும் முடியும்போதும் தயங்கி, நடுவில் மட்டும் வேகமாக இறங்குகிற வளைவாக அமைத்தால்தான் விடைபெறுவது தெரியாமல் விடைபெற முடியும்.

ஒளிப்படம் என்பதே சரி, புகைப்படம் தவறு என்று வாதிடும் நண்பர்கள் எங்களுக்கு உண்டு. ஒளிதான் எழுதுகிறது, புகைக்கு அங்கே என்ன வேலை என்பார்கள். நியாயம்தான். ஆனால் டாவின்சி தம் ஓவியங்களில் விளிம்புகளைக் கோடின்றிக் கரைத்த முறைக்கு இத்தாலியில் ஸ்ஃபுமாட்டோ என்று பெயர். புகை என்ற சொல்லிலிருந்து வந்தது. திரையில் அண்ணாச்சியின் தோள் கலைந்து போனதைப் பார்த்த அன்று, புகைப்படம் என்ற சொல்லுக்கு இதுவரை இல்லாத பொருத்தம் கிடைத்துவிட்டதாக எங்களில் ஒருவர் சொன்னார்.

ஆறு பேர் எளிதாகப் போனார்கள். ஏழாமவரின் சட்டைக் கைமடிப்பு கொஞ்சம் மல்லுக்கு நின்று, பிறகு போயிற்று. எஞ்சியவர் அண்ணாச்சிக்கு இடப்பக்கம் அரையடி பின்னால் நின்றவர். அவரையும் மறைத்தாயிற்று. ஆனால் அவருடைய வலது கை அண்ணாச்சியின் தோளில் இருந்தது.

அது யாருடைய கை என்பது எங்களுக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து ஒரு சிறுபத்திரிகை நடத்தினார்கள். ஆறு இதழ்கள் வந்தன. ஏழாம் இதழில் ஒரு கட்டுரையைப் போடுவதா வேண்டாமா என்பதில் பிணக்கு. இன்று அந்தக் கட்டுரையைப் படித்தால் இதற்காகவா என்று தோன்றும். சிறுபத்திரிகைச் சண்டைகள் பலவும் அப்படித்தான். பத்திரிகை நின்றது, பேச்சும் நின்றது. ஒரே மாவட்டத்தில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒருவரையொருவர் பாராமல் இருந்தார்கள். அவர் பெயரை அண்ணாச்சி உச்சரித்து நாங்கள் கேட்டதில்லை. ஆயினும் அவருடைய சிறுகதைத் தொகுப்பு பின்னறையில் எப்போதும் இரண்டு பிரதி இருக்கும். யாராவது கேட்டால் எடுத்துக் கொடுப்பார், வாடகை வாங்கமாட்டார்.

கையை எடுத்துவிடலாம் என்றார் எங்களில் ஒருவர். க்ளோன் கருவியால் பக்கத்துச் சட்டைத் துணியை எடுத்து அதன் மேல் பதித்தால் போதும். அந்தச் சிரமமும் இப்போது தேவையில்லை. 2023இல் போட்டோஷாப்பில் செயற்கை நுண்ணறிவு நிரப்பல் சேர்ந்தபின், கையைச் சுற்றி ஒரு வளையம் போட்டால் அங்கே அந்தச் சட்டையையே நெய்து கொடுத்துவிடுகிறது. செய்தும் காட்டினார். தோள் அப்பழுக்கின்றி இருந்தது. 1986இல் அந்தத் தோள் அப்படி இருந்ததே இல்லை என்பதை எவராலும் சொல்ல முடியாது.

இன்னொருவர் யெஷோவ் படத்தை நினைவூட்டினார். மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினோடு நடந்து வருகிறவர் யெஷோவ், உளவுத்துறையின் தலைவர். அவர் வீழ்ந்து 1940இல் கொல்லப்பட்டபின் வெளியான படத்தில் அவர் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர் மட்டும் இருக்கும். டேவிட் கிங் 1997இல் கொண்டுவந்த நூலில் இரண்டு படங்களையும் சேர்த்துப் பார்க்கலாம். ஓர் ஊர் வாடகை நூலகருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கருவி ஒன்றுதானே என்றார்.

மூன்றாமவரின் யோசனை நடுவழி: எடுக்க வேண்டாம், மங்கலாக்கிவிடுவோம், கவனித்துப் பார்ப்பவர்களுக்கு மட்டும் ஏதோ இருப்பதுபோலத் தெரியட்டும். வெட்டுவதைவிடக் கரைப்பதில் நேர்மை குறைவு என்று எங்களுக்கு உறைத்தது அந்த யோசனையைக் கேட்டபோதுதான். கத்தரியால் வெட்டிய படத்தில் வெட்டு தெரியும். பழைய ஆல்பங்களில் பாதியாக நறுக்கப்பட்ட படத்தைப் பார்த்தால் அங்கே ஒருவர் இருந்தார், அவர்மேல் யாருக்கோ கோபம் என்று எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். கரைத்த படத்தில் யாரும் எங்கும் போனதாகவே தெரியாது. நாகரிகமாக மறைக்கிறது, மறைத்ததையும் சேர்த்து. 1858இல் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து தனித்தனி நெகட்டிவ்களைத் தையல் தெரியாமல் ஒட்டி, சாகக் கிடக்கும் பெண்ணையும் சுற்றி நிற்கும் குடும்பத்தையும் ஒரே படமாக்கினார். மங்கி மறைதல் என்று அதற்குத் தலைப்பு. அவர் தனித்தனியாக எடுத்தவர்களைச் சேர்த்துவைத்தார். நாங்கள் சேர்ந்து நின்றவர்களைப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

அச்சு எடுத்த மூன்று வடிவங்களையும் மதினியிடம் கொண்டுபோனோம். அண்ணாச்சியின் துணைவியாரை நாங்கள் அப்படித்தான் அழைப்பது. கை இல்லாதது, கை மங்கலானது, கை முழுமையாகத் தெரிவது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, மூன்றாவது தாளை எடுத்துச் சன்னல் பக்கம் போய் நின்று பார்த்தார். கைக்கடிகாரத்தின் முகப்பு உள்மணிக்கட்டுப் பக்கம் இருந்ததைக் காட்டி, அந்தக் கைக்காரரின் பெயரைச் சொன்னார். பல ஆண்டுகளாக அந்த வீட்டில் ஒலிக்காத பெயர். பிறகு சொன்னார்:

"கைய எடுத்துராதீங்கய்யா. அது இல்லன்னா, அவிய எதுக்கு இப்பிடிச் சிரிக்காவன்னு பாக்குதவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நாங்கள் நாட்கணக்கில் அந்தப் படத்தைப் புள்ளி புள்ளியாகப் பெரிதாக்கிப் பார்த்தவர்கள். தலை திரும்பியிருந்த பக்கமும் கை வந்த பக்கமும் ஒன்று என்பதைக் கண்டிருந்தோம். அதை அவர் படித்ததுபோல நாங்கள் படித்திருக்கவில்லை. தோளில் கை விழுந்த கணத்தில், பின்னாலிருந்து எதையோ சொல்லக் கேட்டு அண்ணாச்சி சிரித்திருக்கிறார். புகைப்படக்காரர் அந்தக் கணத்தில் விசையை அழுத்தியிருக்கிறார். சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டு அதன் காரணத்தைத் தாளில் கரைப்பதற்கு எங்களுக்கு உரிமை இல்லை என்று மதினி சொல்லவில்லை. அப்படிப் பேசுகிறவரும் அல்லர். காப்பி போட உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு எஞ்சியது, கரைதல் எங்கே தொடங்க வேண்டும் என்ற கேள்வி. மணிக்கட்டோடு நிறுத்தினால் வெட்டுண்ட கைபோலிருந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. தோள்வரை விட்டால் முகம் எங்கே என்று கேட்கும். கடைசியில், விரல்களும் கடிகாரமும் முழு வலுவில் இருக்க, முழங்கைக்குச் சற்று முன்பு தொடங்கி, சட்டையின் கைமடிப்பில் முடியும்படி அமைத்தோம். தாளிலிருந்தே ஒரு கை நீண்டு வந்து தோளைத் தொடுவதுபோல இருந்தது. முழுப் படத்தையும், ஒன்பது பேரின் பெயர்களோடு, நூலின் உள்ளே கடைசிப் பக்கத்தில் போட்டோம். இது யெஷோவைச் சொன்ன நண்பரின் பிடிவாதம்.

அச்சகத்தில் வேறொரு சிக்கல். கணினித் திரையில் சுழிவரை மெல்ல இறங்குகிற மங்கல் தாளில் அப்படி இறங்குவதில்லை. நூற்றுக்கு இரண்டு, மூன்று என்ற அளவுக்குக் கீழான மிகச் சிறிய மைப்புள்ளிகளை அச்சு இயந்திரம் பெரும்பாலும் தாளில் நிறுத்தாது. ஆகவே புகைபோலக் கலைய வேண்டிய இடத்தில், கரையில் தண்ணீர் வற்றியதுபோல ஒரு விளிம்பு விழும். அச்சக நண்பர் சொன்ன வழி, வெறும் தாளுக்குள் கரையவிடாமல் அட்டை முழுதும் மிக வெளிறிய சந்தன நிறம் ஓட்டிவிடுவது. அப்போது எந்தப் புள்ளியும் சுழிக்குப் போக வேண்டியதில்லை. மிக மெல்லிய மணல்போன்ற இரைச்சலையும் கொஞ்சம் தூவினால் படிகள் பட்டை பட்டையாகத் தெரியாது என்றார். இரண்டையும் செய்தோம்.

அடுக்குகளை ஒன்றாக்கிய கோப்பைத்தான் அச்சகத்துக்குக் கொடுத்தது. ஒன்றாக்காத மூலக் கோப்பு எங்களிடம் இருக்கிறது. அதில் எவரும் அழிக்கப்படவில்லை. திரைக்குப் பின்னால் நிற்கிறார்கள். போட்டோஷாப்பில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு திரையின் மீது சொடுக்கினால் அது விலகி, ஒன்பது பேரும் ஓட்டுக் கட்டடத்துக்கு முன்னால் வந்து நின்றுவிடுவார்கள். மறுபடி சொடுக்கினால் அண்ணாச்சியும் அந்தக் கையும் மட்டும். வேலை முடிந்த இரவில் இதைத் தேவையின்றிப் பலமுறை செய்துகொண்டிருந்தோம்.

நூல் 300 பிரதிகள் அச்சாயிற்று. வெளியீட்டுக் கூட்டத்தில் அட்டையைப் பார்த்து இது யார் கை என்று கேட்டவர்கள் அனைவரும் இளைஞர்கள். அறுபதைத் தாண்டியவர்கள் கேட்கவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார்கள். அந்தக் கைக்காரர் இப்போது வேறோர் ஊரில் மகன் வீட்டில் இருக்கிறார், வெளியே நடமாட்டமில்லை என்று கேள்விப்பட்டு, கடிதம் ஏதும் வைக்காமல் ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பியிருந்தோம். மூன்று வாரம் கழித்து அவருடைய மகன் தொலைபேசியில் அழைத்தார். அப்பா பத்துப் பிரதி வேண்டுமென்கிறார், பணம் எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டார். அட்டையைப் பற்றி அப்பா ஏதாவது சொன்னாரா என்று நாங்களும் கேட்கவில்லை. கையிருப்பில் எட்டுதான் இருந்தன. மதினியிடம் இருந்ததில் இரண்டை வாங்கிச் சேர்த்து அனுப்பிவைத்தோம்.